பதில் தெரிந்த கேள்வி

பேராசிரியர் ஞானசிகாமணியிடம் செண்பகவல்லி கேட்டாள்.

“அவன் ஏன் சார் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

அவர் மாணவர்களின் வரைபடத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

திருநெல்வேலிக்கு வெளியே, பொட்டல் காட்டில் ஒரு பொறியியல் கல்லூரி. செண்பகவல்லி அங்கேதான் அவரிடம் படித்தாள். இப்போது அதே சிவில் துறையில் ஆசிரியை. அவளுக்கே காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் அவர் எதிரில் இன்னும் நாற்காலி நுனியில்தான் உட்காருவாள்.

இசக்கிராஜா இரண்டாமாண்டு மாணவன். கல்லூரி அவள் பொறுப்பில் விட்டிருந்த பிள்ளைகளில் ஒருவன். போன வாரம் விடுதி அறையில் எதையோ விழுங்கிவிட்டான். பக்கத்து அறைப் பையன்கள் கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை. பெற்ற தாயிடமும் பேசவில்லை, டாக்டரிடமும் பேசவில்லை.

“அவன் வாயைத் தொறக்காம நான் எப்படி வீட்டுக்கு அனுப்ப? மறுபடி செய்யமாட்டான்னு யாரு சொல்லுவா?” என்று டாக்டர் கேட்டிருந்தார். கல்லூரியில் எல்லோரும் செண்பகவல்லியைப் பார்த்தார்கள். பிள்ளை யார் பொறுப்போ அவர்தானே பேச வைக்கவேண்டும்.

“வாரா வாரம் வெள்ளிக்கிழமை கேப்பேன் சார். ‘ஏதாவது பிரச்சனையா’ன்னு ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேப்பேன். ‘ஒண்ணுமில்ல மேடம்’னுதான் சொல்லுவான்.”

“மத்தவங்க என்ன சொல்லுவாங்க?”

“அவங்களும் ஒண்ணுமில்லன்னுதான்.”

“எங்க வச்சுக் கேப்ப?”

“ஸ்டாஃப் ரூம்ல சார். வரிசையா வருவாங்க.”

“பின்னாடி ஆள் நிக்குமா?”

“நிக்காம எப்படி சார்? வரிசையில வந்தாத்தான் ஒரு பீரியடுக்குள்ள முடிக்க முடியும்.”

பேராசிரியர் எழுந்தார்.

“வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

இசக்கிராஜா சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தான். நல்ல உயரம். பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நின்றன. தலைமாட்டில் அவன் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பீடி சுற்றுகிறவள். வேலை இல்லாத விரல்கள் சேலை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தன.

கல்லூரியில் ‘மாணவர் மனநலம் பேணுதல்’ என்று ஒரு பயிலரங்கு நடத்தியிருந்தார்கள். சமோசா நன்றாக இருந்தது. அங்கே சொல்லிக்கொடுத்தபடியே செண்பகவல்லி குரலைத் தாழ்த்தி, முன்னால் சாய்ந்து, கனிவாகக் கேட்டாள்.

“ராஜா, மனசுல என்னப்பா இருக்கு? ஏன் இப்படிச் செஞ்ச? என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இப்படித்தான் டீச்சர்,” என்றாள் அம்மா. “ஏன்ல, எதுக்குலன்னு கேட்டுக் கேட்டு எனக்கே தொண்ட வத்திப்போச்சு. செவுத்தத்தான் பாக்கான்.”

செண்பகவல்லிக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவள் பொய்யாகக் கேட்கவில்லை. அந்தப் பையன் செத்துப்போயிருந்தால் தன்னால் இனி வகுப்புக்குள் நுழையவே முடிந்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். அப்படி இருக்கையில் அவன் முதுகைக் காட்டுகிறான்.

பேராசிரியர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். ஒரு நர்ஸ் வந்து போனாள். எதிர்க்கட்டில் கிழவர் இருமி முடித்தார். வெயில் சன்னலை விட்டு இறங்கியது.

பிறகு அந்த அம்மாவிடம் கேட்டார்.

“நீங்க வீட்டுக்கே போகலையாம்மா?”

“எங்க போக சார்? இவனுக்கு எளையவ ஒருத்தி இருக்கா. பக்கத்து வீட்டுல கெடக்கா. அவளை நினைச்சுக் கெளம்பினா இவனை விட முடியல, இவனைப் பாத்தா அவ நெனப்பு.”

“இன்னிக்குப் போயிட்டு வாங்க. இங்க நான் இருக்கேன்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் பையனின் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

“தம்பி, உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?”

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி வேண்டாமென்றார்.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி பொறுமையிழந்து நகர்ந்தாள்.

“எட்டே கால்.”

சுவரைப் பார்த்தபடிதான் சொன்னான். குரல் கரகரத்து வந்தது. அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன.

“நேரா ஊருக்கே போகுமா?”

“போகாது. சொரண்டையில எறங்கணும். அங்க மினிபஸ் நிக்கும்.”

“இவங்க போயிச் சேர்றதுக்குள்ள கெளம்பிட்டா?”

வெளியே நின்ற பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னான்.

“டிரைவர் அண்ணனுக்குப் போன் பண்ணி என் பேரச் சொல்லச் சொல்லுங்க. நிப்பாட்டி வைப்பாரு.”

அம்மா சேலை முந்தியை வாயில் திணித்துக்கொண்டாள். பேராசிரியர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பையனும் திரும்பவில்லை.

அம்மா கிளம்பிப் போகும்போது செண்பகவல்லியும் அவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“நான் அத்தனை கேட்டேன் சார். எனக்கு முதுகக் காட்டுனான். பஸ்ஸுக்குப் பதில் சொல்லுதான்.”

“அதுக்கு அவனுக்குப் பதில் தெரியும்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வகுப்புல பதில் தெரியாத பிள்ளை என்னம்மா செய்யும்?”

“எந்திரிச்சு நிக்கும்.”

“அப்புறம்?”

“தரையைப் பாக்கும்.”

“நீ என்ன சொல்லுவ?”

“பதிலைச் சொல்லிட்டு உக்காருன்னு...”

செண்பகவல்லி வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு அவன் டிராயிங் ஷீட் கொண்டு வரல சார்,” என்றாள். “ஏன் வரையலன்னு கேட்டேன். பேசாம நின்னான். காரணத்தச் சொல்லிட்டு உக்காருன்னேன். மணி அடிக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தான். அன்னிக்கு சாயந்திரம்தான்...”

“அதனாலதான் செஞ்சான்னு நினைக்கியா?”

“தெரியல சார்.”

அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள்.

“நாளைக்கு வந்து நான் என்ன சார் கேக்கட்டும்?”

“கேக்க வராத.”

“பின்ன?”

“சும்மா வா. கேக்குற இடத்துல நாம உக்காந்தே பழகிட்டோம். அவன் ஏதாவது கேக்கட்டும்.”

“கேட்டா?”

“தெரிஞ்சா சொல்லு.”

“தெரியலன்னா?”

“தெரியலன்னு சொல்லு. வகுப்புல என்னைக்காவது சொல்லியிருக்கியா?”

அவள் யோசித்தாள். ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாதது வந்தால் ‘அது சிலபஸ்ல இல்ல’ என்று சொல்லிவிடுவாள். அவரிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் போனாள். முக்காலியில் உட்கார்ந்தாள். ஆசிரியருக்குச் சும்மா உட்காருவதைப் போலச் சிரமம் வேறில்லை. வாய்க்குள் கேள்விகள் ஊறிக்கொண்டே இருந்தன. விழுங்கினாள். அதற்கடுத்த நாளும் போனாள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். ஒரு சுளை தின்றான். எதிர்க்கட்டில் கிழவர் வீட்டுக்குப் போய்விட்டார், அந்தக் கட்டிலில் வேறு யாரோ இருமினார்கள். கல்லூரியிலிருந்து முதல்வர் போன் செய்து, “ஏதாவது முன்னேற்றம் உண்டா?” என்று கேட்டார். “இல்ல சார்,” என்றாள்.

ஒரு வாரம் கழித்து ஒருநாள் காலையில் அவள் பேராசிரியரின் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“நேத்து கேட்டான் சார்.”

“என்ன கேட்டான்?”

“‘மேடம், நான் ஏன் அப்படிச் செஞ்சேன்?’னு கேட்டான்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ என்ன சொன்ன?”

“வாய் வரைக்கும் நெறைய வந்துச்சு. மார்க்கு, வீட்டுக் கஷ்டம், நான் நிக்க வச்சது, எல்லாம். ஆனா எதைச் சொன்னாலும் அது நானா எழுதிக்கிட்ட பதிலாத்தான் இருக்கும்னு தோணுச்சு. ‘எனக்குத் தெரியலப்பா’ன்னு சொல்லிட்டேன்.”

“அவன்?”

“இந்தப் பக்கம் திரும்பினான். அழுதான். என் துப்பட்டா நுனியைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டான்.”

வெளியே மணி அடித்தது. மாணவர்கள் வகுப்பு மாறும் இரைச்சல் கேட்டு அடங்கியது. அவள் போகாமல் நின்றாள்.

“டாக்டர் இன்னும் அனுப்ப முடியாதுங்காரு. எப்ப முடியும்னு அவருக்கே தெரியல. எனக்குப் பயமா இருக்கு சார்.”

“இருக்கும்.”

“இதுல என்ன சார் ஆச்சு? காரணம் அவனுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.”

“இத்தனை நாளா அது தெரியாம அவன் ஒருத்தனாக் கெடந்தான்,” என்றார் பேராசிரியர். “இப்ப ரெண்டு பேரு.”