வெளியே தாழ் போட்ட ஊர்

கிர்ர்ர்... டொக்.

ஊர் அடங்கிய பிறகு கேட்ட அந்தச் சத்தத்தில் செவந்தி திடுக்கிட்டு விழித்தாள். யாரோ அவள் வீட்டுத் தாழை வெளியிலிருந்து விலக்குகிறார்கள்! புருஷன் உப்பு வண்டியோடு கடற்கரைக்குப் போயிருந்தான். பாயில் கைக்குழந்தை. பாய்ந்துபோய்க் கதவைப் பிடிக்கப் பார்த்தாள். பிடிக்க என்ன இருக்கிறது? வழவழவென்று வெறும் பலகை. கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கண் எட்டிப் பார்த்தது. கதவு மூடிக்கொண்டது. டொக்.

இது நடந்தது வெகு காலத்துக்கு முன்னால், கடம்பனூரைக் குமுதராயன் என்றொரு ராஜா கட்டி ஆண்டபோது. காலையில் ஒருவனுக்கு யானை கொடுப்பான். மாலையில் அந்த யானைக்குத் தீனி போடவில்லை என்று அவனையே சிறையில் போடுவான். அப்பேர்ப்பட்ட ராஜா.

அந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் தாழ்ப்பாள் வெளியேதான். பொழுது சாய்ந்ததும் காவலர்கள் தெருத்தெருவாக வந்து போட்டுவிட்டுப் போவார்கள். விடியற்கால முரசு கேட்டதும் திறப்பார்கள். ஏனென்று ஒருவரும் கேட்டதில்லை. மூக்கு ஏன் முகத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்பார்களா? நல்ல பெண்ணைப் புகழ்ந்தால் "வெளித்தாழ் போட்ட வீடு மாதிரி" என்பார்கள். சண்டை முற்றினால் "போடி, உள்தாழ் போடுகிறவளே!" அதற்கு மேல் வசவு கிடையாது. செவந்தியே நேற்றுவரை "தாழ் விழுந்தது கண்ணே, தூங்கு" என்றுதான் தாலாட்டினாள்.

விடிந்ததும் இடுப்பில் குழந்தையும் தலையில் ஒரு கூடை வெள்ளரிப்பழமுமாக அரண்மனைக்குப் போனாள்.

"மகாராஜா, என் வீட்டுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேண்டும்."

சபை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் மகுடேசர். ஊர்த் தாழ்களுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. ராஜாவின் படுக்கையறைத் தாழ்கூட அவர் பொறுப்பு.

"உள்ளே தாழா? நாளைக்குப் பசுமாட்டுக்கு முதுகில் மடி வேண்டும் என்பாயா, அம்மணி? மறைக்க ஒன்றும் இல்லாதவளுக்கு உள்தாழ் எதற்கு?"

"ராத்திரி யாரோ என் கதவைத் திறந்தார்கள், சாமி."

"என் ஆட்கள்தான். நிம்மதியாகத் தூங்குகிறாயா என்று பார்த்திருப்பார்கள்."

"தூங்கிக்கொண்டுதான் இருந்தேன், அவர்கள் பார்க்கிற வரைக்கும்."

ராஜா களுக்கென்று சிரித்தான். மகுடேசருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "மகாராஜா! இந்தப் பெண் தலையில் யாரோ கொள்கையை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். எனக்குக் கொள்கை கிள்கை எதுவும் கிடையாது, உள்ளதைச் சொல்கிறவன். தாழ் வெளியே இருப்பது எவன் கட்டளையும் இல்லை. ஆறு பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி, அது இயற்கை."

ராஜாவுக்கு உற்சாகம் பொங்கியது. "இயற்கை இல்லை என்று பொழுது சாய்வதற்குள் காட்டு, பெண்ணே. காட்டினால் கேட்டதைத் தருகிறேன். இல்லையென்றால் உன் கதவுக்கு வெளியே இரண்டு தாழ். பகலிலும் போடச் சொல்வேன்!"

பகலிலுமா? குழந்தை முகத்தில் வெயில்கூடப் படாதே. செவந்தி கூடையை இறக்கி ராஜா முன்னால் வைத்தாள். "காட்டுகிறேன், மகாராஜா. முதலில் பழம் சாப்பிடுங்கள்."

ராஜாவுக்கு வெள்ளரிப்பழம் என்றால் உயிர். கருப்பட்டியைத் தூவித் தூவிப் பாதிக் கூடையைக் காலி செய்தான். மேலே இரண்டு சொம்பு பானகம்.

"இப்போது தங்கள் படுக்கையறைக்குள் போய் இருங்கள். ராத்திரி போடுகிற மாதிரியே, அதே காவல், அதே சட்டத்தோடு தாழைப் போடட்டும். வெளியே வரவேண்டும் என்று தோன்றும்போது வந்துவிடுங்கள். அவ்வளவுதான்."

"இது ஒரு வித்தையா?" என்று ராஜா உள்ளே போனான். சபையே கதவுமுன் கூடியது. காவலன் சடையன் தாழைப் போட்டான். டொக்.

கொஞ்ச நேரம் உள்ளே பாட்டு கேட்டது. பாட்டு நின்றது. நடக்கிற சத்தம். அப்புறம் வேக வேகமாக நடக்கிற சத்தம்.

"சடையா, திற."

"விடியற்கால முரசு கேட்கவில்லையே."

"அடேய், நான் ராஜாடா!"

"உள்ளே இருக்கிறவர்கள் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள், காதில் வாங்காதே என்று சட்டம், சாமி."

"வெள்ளரிப்பழம்டா! அவசரம்டா!" கதவு அதிர்ந்தது.

மகுடேசருக்கு வேர்த்துக் கொட்டியது. தாழை நோக்கிக் கையை நீட்டினார். செவந்தி குறுக்கே வந்து நின்றாள். "ஆறு பள்ளத்துக்கு ஓடுகிறது சாமி. கையால் தடுப்பீர்களா?"

"தள்ளு! மகாராஜா கட்டளையிடுகிறார், காதில் விழவில்லையா?"

"கட்டளையிட்டால் திறக்குமா? அப்படியானால் போட்டதும் கட்டளைதானே? காலையில் எவன் கட்டளையும் இல்லை என்றீர்களே!"

"அவள் ஜெயித்துவிட்டாள்!" என்று உள்ளேயிருந்து அலறல். "ஒப்புக்கொள்கிறேன், திறந்து தொலையுங்கள்!"

மகுடேசர் திறந்தார். ராஜா யாரையும் பார்க்காமல் கொல்லைப்பக்கம் ஓடினான். அவன் திரும்பி வருகிறவரை சபையினர் சுவர்ச் சித்திரங்களை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தவன் முகத்தில் சிரிப்பில்லை. "சடையா, ராத்திரியில் என் கதவையும் திறந்து பார்ப்பதுண்டா?"

"தினமும், மகாராஜா. வாயைத் திறந்துகொண்டு தூங்குவீர்கள். காலையில் மகுடேசர் சாமியிடம் சொல்லிவிடுவேன்."

ராஜா மகுடேசரைப் பார்த்தான். "நாட்டை ஆள்கிறவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரியில் ஆண்டது யாரய்யா?"

மகுடேசர் மெல்லக் கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தார்.

"ஊரிலுள்ள வெளித்தாழையெல்லாம் உம் கையாலேயே கழற்றி உள்ளே மாட்டும். இவள் வீட்டிலிருந்து தொடங்கும். பெண்ணே, உனக்கு மந்திரி பதவி தரட்டுமா?"

"இருட்டுவதற்குள் தாழ் மாட்டினால் போதும், மகாராஜா."

மகுடேசர் செவந்தி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, சுத்தியலால் விரலை நசுக்கிக்கொண்டு, தாழைக் கதவின் உள்பக்கம் மாட்டிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு அங்காயி ஓடிவந்தாள். "அடியே, உள்தாழ் போட்டுக்கொண்டு எப்படியடி தூக்கம் வரும்? எங்களுக்கு வேண்டாம்மா, பழையபடியே இருக்கட்டும்!" தெருவில் பாதிப்பேர் அதையே சொன்னார்கள். அவ்வளவு ஏன், அன்று ராத்திரி டொக் சத்தம் கேட்காமல் கண் மூடவில்லை என்று ராஜாவே சடையனைக் கூப்பிட்டு, "ஒரே ஒரு தடவை வெளியே போட்டுவிட்டுப் போடா" என்றானாம்.

செவந்தி வீட்டிலும் இருட்டியது. தெருவில் காலடிச் சத்தம். வாசலில் நின்றது. பழைய தாழைத் தேடி ஒரு கை கதவைத் தடவியது; இப்போது வெளியே வெறும் பலகை. செவந்தி தாழில் கை வைத்தாள். "உள்தாழ் போடுகிறவளே!" என்று ஒரு குரல் கேட்டது. வெளியிலிருந்து இல்லை, அவள் மனசுக்குள்ளேயிருந்து, அவள் குரலிலேயே.

"ஆமாடி, நான்தான்" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, தாழை இழுத்துப் போட்டாள்.

டொக்.