பாதி மருந்து

தேவசகாயம் மூடி போட்ட வாளி ஒன்றுடன் கொளத்தூரில் குமுதவல்லியின் வீட்டுக்கு வந்தார். வாளிக்குள் ஒரு தங்கமீன் இருந்தது. அவர் கேட்க வந்தது மீனைப் பற்றி அல்ல. ஆனால் வெறுங்கையோடு வந்து அதைக் கேட்கும் துணிச்சல் அவருக்கு இல்லை.

குமுதவல்லி அவரைவிட வயதில் இளையவர். ஒரு காலத்தில் சங்க அலுவலகத்தில் தொழிலாளர்களுக்கு வகுப்பு எடுத்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் டீச்சர். இன்று சங்கச் செயலாளராக இருக்கும் தேவசகாயத்துக்கும் டீச்சர்தான். சங்கம் பெரிதானது. வகுப்புகள் நின்றன. வகுப்பு நடந்த அறையில் செயலாளருக்கு ஏசி வந்தது. அதன் பிறகு டீச்சர் அங்கே போவதில்லை. மொட்டைமாடியில் தொட்டிகள் வைத்து மீன் வளர்க்கிறார்.

டீச்சர் வாளியின் மூடியைத் திறந்து பார்த்தார். மீனின் வால் கிழிந்த துணிபோல் இருந்தது. ஓரமெல்லாம் வெள்ளை. அடிவாலில் ரத்தக் கோடுகள்.

"மறுபடியுமா?" என்றார்.

சங்க அலுவலகத்து மீன் அது. சில வாரங்களுக்கு முன்பும் இப்படித்தான் வால் அழுகியது. கிருமி நோய் என்று டீச்சர்தான் மருந்து கொடுத்தார். நோயுற்ற மீனைத் தனித் தொட்டியில் விட வேண்டும், காற்றுக்குழாய் ஓட வேண்டும், வால் தேறியது போலத் தெரிந்தாலும் மருந்து தீரும்வரை நிறுத்தக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"மருந்த முழுசா போட்டீங்களா?"

"வெள்ளை ஓரம் போயிடுச்சு டீச்சர். வால் முளைக்கக்கூட ஆரம்பிச்சுது."

"முழுசா போட்டீங்களா?"

"இல்ல."

ஏன் என்று அவரே விளக்கினார். மருந்துத் தண்ணீரில் மீன் தீனி எடுக்கவில்லை. ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. தண்ணீர் மஞ்சளாகிப் பார்க்கவே சகிக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம், முதலாளியைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை, மீனையாவது விடுங்கள் தோழர் என்று கிண்டல் செய்தார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் மீனை எடுத்துப் பழைய தொட்டியிலேயே விட்டுவிட்டார். அது துள்ளி நீந்தியது. அலுவலகமே கைதட்டியது. இப்போது இதோடு சேர்த்து மற்ற மீன்களுக்கும் வால் அழுகுகிறது.

"போதும்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பாத்தாலே தெரிஞ்சுது."

டீச்சர் மீனை ஒரு வெள்ளைத் தொட்டிக்கு மாற்றினார். காற்றுக்குழாயைச் செருகினார்.

"போன தடவ செத்தது எல்லாம் சோப்ளாங்கிக் கிருமிங்க. கெட்டியானது தப்பிச்சுது. இனி அந்த மருந்துக்கு மசியாது. வேற போடணும். இது இன்னும் கடுமை."

"பொழைக்குமா?"

"போன தடவ கேட்டிருந்தா பொழைக்கும்னு சொல்லியிருப்பேன்."

தேவசகாயம் அதற்குப் பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். பம்ப் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் மூன்றாவது மாதமாக நடக்கிறது. இன்று காலையில் நிர்வாகம் ஒப்பந்த வரைவு அனுப்பியிருக்கிறது. சம்பள உயர்வுக்கு ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் வேலைநீக்கம் செய்த ஒன்பது பேரைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். தொழிற்சாலைக்குள் சங்கத்தைக் கொண்டுவந்தவர்கள் அந்த ஒன்பது பேர். போன போராட்டத்திலும் சிலர் நீக்கப்பட்டார்கள். அவர்களைப் பற்றிப் பரிசீலிப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சாயங்காலம் கூப்பிட்டிருக்காங்க. கையெழுத்துப் போடலாமா டீச்சர்?"

டீச்சர் மருந்துப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கிண்ணத்தில் கரைக்க ஆரம்பித்தார்.

தேவசகாயம் தொடர்ந்து பேசினார். தொழிற்சாலை வாசலில் போட்ட போராட்டப் பந்தலில் காய்ச்சும் கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டே போகிறதாம். பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்களாம். இவர் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லையாம், முகத்தையே பார்க்கிறார்களாம்.

"என்னால பாக்க முடியல டீச்சர்."

"அந்த ஒன்பது பேரும் பந்தல்லதான் இருக்காங்களா?"

"அங்கதான் இருக்காங்க. கஞ்சி காய்ச்சுறதே அவங்கதான்."

"வரைவ அங்க படிச்சுக் காட்டினீங்களா?"

"கமிட்டியில பேசியாச்சு. அவங்கள எதுக்குக் குழப்பிக்கிட்டு. இதுக்கு மேல அவங்களால முடியாது."

"முடியாதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

தேவசகாயத்தின் நாக்கு நுனிவரை முன்பு சொன்ன அதே பதில் வந்தது. விழுங்கிக்கொண்டார். மீனைப் பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. மாடியில் மீன் வளர்ப்பவருக்கு வாசலில் பட்டினி கிடப்பவர்களைப் பற்றிப் பேசுவது சுலபம் என்றார். டீச்சர் மறுக்கவில்லை.

"அப்ப தொடர்ந்து நடத்துன்னு சொல்றீங்க."

"நான் அதச் சொல்லல."

"நிறுத்தச் சொல்றீங்களா?"

"அதையும் சொல்லல."

"வேற என்னதான் சொல்றீங்க?"

டீச்சர் கிண்ணத்தைத் தொட்டியில் மெல்லக் கவிழ்த்தார். தண்ணீர் மஞ்சளானது. மீன் ஒருமுறை உதறிக்கொண்டு மூலைக்குப் போனது.

"இதுகிட்ட உங்களால கேட்டிருக்க முடியாது தோழர். மருந்துல கெடக்குறது அதுன்னாலும், நீங்கதான் முடிவு பண்ணியாகணும். கேக்காம முடிவு பண்ணினது உங்க தப்பு இல்ல." டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார். "பந்தல்ல இருக்கிறவங்களுக்குமா பேச வராது?"