மழைக்கு ஒரு ஜன்னல்

இருதயராஜ் விமானப் படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு சூலூர் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஹம்சவேணியிடம் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். அவள் அவரைவிட ரொம்ப இளையவள். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

விமானத்தின் வெப்பக் கேமரா இருட்டைப் பார்ப்பது ஒரு மஞ்சள் வில்லை வழியாக. ஆய்வுக்கூடத்தில் அதற்கு ஜன்னல் என்று பெயர். விமானம் போகிற வேகத்தில் மழைத்துளி அதன்மேல் கூழாங்கல்லாய் அறையும். தாங்குமா என்று பார்க்க, நீண்ட இரும்புக் கையின் நுனியில் அதைப் பொருத்திச் செயற்கை மழைக்குள் சுழல விடுவார்கள்.

இருதயராஜ் தானே தேய்த்து மெருகேற்றிய ஜன்னல்கள் முதன்முறையாக ஒரு தட்டு நிறைய அன்று சோதனைக்கு வந்தன. இருந்ததிலேயே அழகான ஜன்னலை எடுத்துக் கொடுத்தார். அது ஒரு கீறல்கூட இல்லாமல் மழையைத் தாண்டி வந்தது.

"தேறியாச்சே அண்ணா. முகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஒரு சந்தேகம் மேடம். மழையில அடிபட்டதை விமானத்துல மாட்ட மாட்டோம். மாட்டப் போறதை மழையில விட்டுப் பார்க்க மாட்டோம். அப்புறம் எதை நம்பி அனுப்பறதுங்க?"

ஹம்சவேணி மிச்சமிருந்த ஜன்னல்களை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி இடம் மாற்றி வைத்தாள்.

"கண்ணை மூடிட்டு ஒண்ணு எடுங்க. அதையும் மழைக்கு அனுப்புவோம்."

அவர் கண்ணை மூடிக் கையை நீட்டினார். விரல் ஒரு விளிம்பில் பட்டதும் சட்டென்று விலகி, அடுத்ததை எடுத்தது. விரல் விட்டது, போன வெள்ளிக்கிழமை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் தேய்த்த ஜன்னல். அந்தச் சொரசொரப்பு அவர் விரலுக்குத் தெரியும்.

"அதை ஏன் விட்டுட்டீங்க?"

"அது மழையில நிக்காதுங்க."

"விமானத்துல நிக்குமா?"

இருதயராஜ் கண்ணைத் திறந்தார். கொட்டுகிற மழையில் கேமராத் திரையை மட்டுமே நம்பி விமானத்தை இறக்கும் பையன்களை அவர் ஓடுபாதையில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். ஜன்னல்களைத் துணியோடு அப்படியே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் திரும்பத் தேய்ச்சுடறேன் மேடம். ஆனா நாளைக்கே வேணும்னு கேட்டிருக்காங்களே."

அவள் மேலதிகாரிக்குப் போன் போட்டாள். தாமதமாகும், தப்பு என்னுடையது என்றாள். அந்தப் பக்கத்துச் சத்தம் இருதயராஜுக்கே கேட்டது. அவள் நின்றபடி கடைசிவரை கேட்டுக்கொண்டாள்.

போனை வைத்ததும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பாதி எலுமிச்சை சாதத்தை மூடியில் போட்டு அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவருக்குச் சாப்பிடத் தோன்றவில்லை.

"எப்பத்தான் மேடம் அனுப்பலாம்?"

"எதுல பட்டாலும் உங்க விரல் விலகாத அன்னைக்கு அனுப்பலாம். இப்ப சாப்பிடுங்க அண்ணா."