வராத விருந்தாளியின் பங்கு

வயல் வரப்புக்குள் வளை தோண்டி ஓர் எலிக் குடும்பம் வாழ்ந்தது. பூவாயி, அவள் புருஷன் சடையன், நான்கு குட்டிகள். ஆறு பேருக்கு ஒரு வேளைக்கு ஆறு நெற்கதிர் தாராளம். பூவாயி மட்டும் எட்டுக் கதிர் கொண்டுவரச் சொல்வாள். திடீரென்று விருந்தாளி வந்து நின்றால் என்ன செய்வது என்பாள்.

விருந்தாளி வந்தபாடில்லை. வளைக்குள் ஈரம் வேறு. மிஞ்சிய கதிரை வைத்திருந்தால் மறுநாளே பூஞ்சணம் பிடித்துவிடும். அதைத் தூக்கி எறிய அவளுக்கு மனசு வராது. தானே தின்றுவிடுவாள். குட்டிகள் பாதி கொறித்துப் போட்டதும் அவளுக்குத்தான். சடையன் மட்டும் லேசுப்பட்டவனா? பசியில்லாத நாளில் தன் கதிரை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "நீ தின்னுக்க" என்று படுத்துக்கொள்வான். தன் வீட்டில் ஒரு மணி நெல்கூட வீணாவதில்லை என்று பூவாயிக்குப் பெருமை பிடிபடவில்லை.

உடம்பும் வளர்ந்துகொண்டே போனது. வரப்பின் மேலே ஏறும் பின்வழி குறுகலானது. அதில் நுழைய அவள் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. மழை பிடித்துக்கொண்ட அன்று பக்கத்து வளை நண்டு வந்து எச்சரித்தது. தண்ணீர் புகுந்தால் தப்பிக்க அந்தப் பின்வழி ஒன்றுதான் உண்டு, சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றது.

"நான் குறைச்சா மிஞ்சுறதை யாரு தின்கிறது?" என்று கேட்டாள் பூவாயி. நண்டு தன் வளைக்குத் திரும்பிப் போனது.

மூன்றாம் நாள் காலையில் வாய்க்கால் உடைந்தது. முன்வாசல் வழியே தண்ணீர் உள்ளே பாய்ந்தது. சடையன் மூன்று குட்டிகளோடு பின்வழியில் மேலே ஓடினான். கடைக்குட்டியைத் தன் வாலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பூவாயி பின்னால் ஏறினாள். பாதி வழியில் இடுப்பு சிக்கிக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை.

"அம்மா, காலு நனையுது" என்றது குட்டி.

தான் போனாலும் போகட்டும், பிள்ளைக்குரிய வழியையல்லவா அடைத்துக்கொண்டு கிடக்கிறோம் என்று கதறினாள் பூவாயி. சடையன் மேலேயிருந்து நகம் பெயரப் பெயர மண்ணைப் பறித்தான். ஒரு வழியாக, தோல் உரிய அவள் வெளியே வந்து விழுந்தாள். வாலைப் பிடித்தபடி குட்டியும் வந்தது. அதன் கழுத்துவரை ஈரம்.

"ஒரு மணியைக்கூட நான் வீணாக்கலையே! எனக்கா இந்தக் கதி?" என்று அழுதாள் பூவாயி.

சடையன் தலையைக் குனிந்துகொண்டான். "வீணாத்தான் போச்சு, பூவாயி. குப்பையில போடவேண்டியதை நாங்க எல்லாரும் உன் வயித்துல போட்டோம்."

தண்ணீர் வடிந்ததும் அவன் கதிர் அறுக்கக் கிளம்பினான். எட்டா என்று கேட்டான். ஆறு போதும் என்றாள் அவள்.

"யாராச்சும் வந்தா?"

"வரட்டும். வந்தப்புறம் போய் அறுத்துக்கலாம், கதிர் வயல்லதானே நிக்குது."

தேவைக்கு மேல் வீட்டுக்குள் வந்த உணவு குப்பைக்குப் போனாலும் வீண்தான், பசியில்லாத வயிற்றுக்குப் போனாலும் வீண்தான்.