ஒரே தண்ணீர்

"எல்லாம் ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டே இருக்கு, மேடம். இப்படி இருந்தா எப்படி ஒண்ணு சேரும்?"

பிரேமலதா பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உருண்டைகள். அவை தாமாக வரிசையில் நின்றால் சாயம் இல்லாமலே நிறம் வரும். வந்த நிறத்தை அப்படியே ஜெல்லில் உறையவைக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் இந்த ஆராய்ச்சிதான் வேண்டும் என்று வந்து மாட்டிக்கொண்டவள் அவள்.

"அதனால என்ன பண்ணீங்க, அக்கா?" என்றாள் நிலோஃபர். வழிகாட்டி அவள்தான். வயதில் இளையவள்.

"ஒரு சிட்டிகை உப்பு போட்டேன். தள்ளுறது நின்னுடுச்சு."

"அப்புறம்?"

பிரேமலதா இன்னொரு பாட்டிலை எடுத்து வைத்தாள். உருண்டைகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு, திரிந்த பால் மாதிரி அடியில் கிடந்தன. நிறம் மருந்துக்கும் இல்லை.

நிலோஃபர் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு பிரேமலதாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தூங்கலையா?"

"சஹானா என்கிட்ட பேசமாட்டேங்குறா."

கணவர் இறந்த நாளிலிருந்து பிரேமலதா மகள் சஹானாவின் அறையில்தான் பாய் விரித்துப் படுக்கிறாள். மகள் புரண்டு படுத்தால்கூட எழுந்து உட்கார்ந்து என்ன என்று கேட்கிறாள்.

"இருக்கறதே நாங்க ரெண்டு பேர்தான். அவளும் தள்ளிப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

நிலோஃபர் உப்பு போடாத முதல் பாட்டிலை இழுத்து, தண்ணீரில் இயல்பாகவே கரைந்திருக்கும் உப்பை உறிஞ்சும் மணிகளை அதில் கொஞ்சம் போட்டாள். பாட்டிலை மூடி மேசைமேல் வைத்தாள்.

பிரேமலதா பதறினாள். "இருக்கற கொஞ்ச உப்பையும் எடுத்துட்டா இன்னும் பலமா தள்ளுமே, மேடம்!"

"தள்ளட்டும்."

"ஒரேயடியா விலகிப் போயிடாதா?"

"எங்க போகும், அக்கா? ஒரே தண்ணிதானே."

பிரேமலதாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மூடியைத் திறக்கப் போனாள். நிலோஃபர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

வெகுநேரம் கழித்து, வெள்ளைக்குள் ஒரு பச்சைப் பொறி தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளியபடியே சம இடைவெளியில் வரிசைகட்டின. மெல்ல மெல்ல மயில்கழுத்து நிறம் பாட்டில் முழுக்கப் பரவியது.

பிரேமலதா அழுதாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் மகளின் அறையில் இருந்த தன் பாயைச் சுருட்டினாள். கட்டிலில் படித்துக்கொண்டிருந்த சஹானா நிமிர்ந்து பார்த்தாள். 

பிரேமலதா பாயையும் தலையணையையும் கூடத்தில் கொண்டுவந்து போட்டாள். திரும்பிப் போய் அறைக்கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதம்மா. திறந்தே இருக்கட்டும்."