இரண்டு மரங்களில் ஒரே குரல்

மலையடிவாரப் புல்வெளியில் மேய்ந்துவந்த புள்ளிமான் கூட்டத்துக்கு, நெடுவாலன் என்னும் சாம்பல்நிறக் குரங்கு காவல் இருந்தது. நீர்மருத மரத்தின் உச்சிக் கிளையே அதன் பணியிடம். அபாயம் இல்லாத வேளையில், "பயமில்லை! மேயுங்கள்!" என்று அது குரல் கொடுக்கும். சிறுத்தையின் வால் நுனி தென்பட்டாலோ, "ஓடுங்கள்!" என்று அலறும். ஆறு ஆண்டுகளாக அந்தக் குரலை நம்பியே மான்கள் தலை குனிந்து புல் மேய்ந்தன.

நெடுவாலனுக்குத் திடீரென ஓர் ஆசை முளைத்தது. ஒரே மந்தைக்கு ஆயுள் முழுவதும் ஏன் அடங்கிக் கிடக்க வேண்டும்? அழைத்தவர்க்கு, அழைத்த நாளுக்கு மட்டும் காவல் போனால் தனக்குத் தானே தலைவன் அன்றோ!

மான்களின் தலைவியாகிய வெண்கழுத்தியிடம் சென்று அது விடை கேட்டது.

"போவது உன் உரிமை, தம்பி," என்றது வெண்கழுத்தி. "ஆனால் வழக்கம் உனக்குத் தெரியும். இன்றிலிருந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். புதிய காவல் பதினாறாம் நாள்தான் வந்து சேரும். என் கடைக்குட்டியோ உன் குரலைத் தவிர வேறெதற்கும் செவி சாய்ப்பதில்லை."

"ஒரு நாளும் குறையாது, அக்கா!" என்று நெடுவாலன் வாக்குக் கொடுத்தது.

அன்று மாலையே, ஓடைக்கு அப்பாலிருந்து காட்டெருமைத் தலைவன் கருந்திமிலன் வந்தது.

"எங்கள் பசுக்கள் ஈனும் காலம் நெருங்குகிறது. பன்னிரண்டு நாள் கழித்துக் காவலுக்கு வருவாயா?"

தவணை முடியப் பதினைந்து நாள் ஆகும் என்ற சொல் நெடுவாலனின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இந்த முதல் வாய்ப்பு வேறொரு குரங்குக்குப் போய்விடுமோ? அச்சத்தில் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டது.

"சொன்ன நாளில் வந்து நிற்பேன், அண்ணா!" என்றது.

எருமை போன பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்தது. மூன்று நாட்கள் இரண்டு இடத்துக்கும் பொதுவாக நின்றன. உடலோ ஒன்றுதான்.

ஆழ்ந்து யோசித்த நெடுவாலன், கறுத்த நீர் தேங்கிய சுனைக்குப் போயிற்று. அங்கே காற்று அசைவதில்லை. தவளையும் ஒலிப்பதில்லை. பட்டமரம் ஒன்றில், வாலின் இரு முனைகளிலும் துடுப்புப் போன்ற இறகுகள் தொங்க, ஒரு கரிச்சான் குருவி அமர்ந்திருந்தது. எவர் குரலையும் தன் குரலாக்கிக்கொள்ளும் பறவை அது.

"வா, நெடுவாலா!" என்று வரவேற்றது கரிச்சான்.

நெடுவாலனுக்கு மயிர் சிலிர்த்தது. அந்தக் குரல், சென்ற கோடையில் இறந்துபோன கிழக் கலைமானின் குரல்!

"உன் சொந்தக் குரலில் பேசேன்!"

"அப்படி ஒன்று இருந்ததாக நினைவில்லை," என்றது கரிச்சான், இப்போது வெண்கழுத்தியின் குரலில். "வந்த காரியம் என்ன?"

"மூன்று நாள் என் மரத்தில் அமர்ந்து, என் குரலில் 'பயமில்லை! மேயுங்கள்!' என்று சொல்ல வேண்டும். என் மரப்பட்டைப் பூச்சிகள் அனைத்தும் உனக்கே!"

"சிறுத்தை வந்தால் என்ன சொல்ல?"

"அதெல்லாம் உனக்கு எதற்கு? நீ தவறாக அலறி மந்தை மிரண்டால் என் குட்டு உடைந்துவிடும். மூன்றே நாளில் என்ன வந்துவிடப் போகிறது!"

கரிச்சான் தலையைச் சாய்த்தது. பிறகு நெடுவாலனின் குரலிலேயே, "என்ன வந்துவிடப் போகிறது!" என்றது.

பன்னிரண்டு நாட்கள் கழிந்தன. பதின்மூன்றாம் நாள் அடர்ந்த மூடுபனி இறங்கியது. மரங்களின் இடுப்புக்கு மேலே ஒன்றும் புலப்படவில்லை. மான்களுக்குத் தெரியாமல் கிளைவழியே நழுவிய நெடுவாலன், ஓடையைத் தாண்டி எருமைகளின் இலவமரத்தில் ஏறிக்கொண்டது. சற்றைக்கெல்லாம் பின்னாலிருந்து அதன் குரலே அதன் காதில் விழுந்தது.

"பயமில்லை! மேயுங்கள்!"

ஏறி இறங்கும் இழுப்பும், முடிவில் வரும் சிறு செருமலும்கூட மாறவில்லை. ஒரு கணம், தான் இன்னும் அங்கேதான் இருப்பதாகவும், இந்தக் கிளையில் அமர்ந்திருப்பது வேறு எதுவோ என்றும் நெடுவாலனுக்குத் தோன்றியது. தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டது.

மறுநாளும் அவ்வாறே கழிந்தது. பதினைந்தாம் நாள் காலையில், நீர் அருந்த ஓடைக்கு இறங்கிய நெடுவாலன் அப்படியே உறைந்து நின்றது. ஈர மணலில் சிறுத்தையின் காலடித் தடங்கள்! குழிகளில் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. தடங்கள் புல்வெளியை நோக்கிச் சென்றன.

நெடுவாலன் கரைமரத்தில் பாய்ந்தேறி, "ஓடுங்கள்! சிறுத்தை! ஓடுங்கள்!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. "பயமில்லை! மேயுங்கள்!"

"அது நான் இல்லை! நான் இங்கே இருக்கிறேன்! ஓடுங்கள்!"

"பயமில்லை! மேயுங்கள்!"

கிளைக்குக் கிளை தாவி நெடுவாலன் ஓடியது. அது எவ்வளவு விரைந்ததோ, அவ்வளவு தெளிவாகத் தன் குரல் எதிரே அமைதியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டது. நீர்மருத மரத்தடிக்கு வந்தபோது புல்வெளியில் அரவமே இல்லை. மான்கள் ஓடவில்லை. ஒன்றோடொன்று ஒட்டி நின்று, மரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தன. வெண்கழுத்தியின் காலருகே கடைக்குட்டி இல்லை. புல்லில் இழுத்துச் சென்ற தடம் ஒன்று மட்டும் பனிக்குள் போய் மறைந்தது.

வெண்கழுத்தி மெல்லத் திரும்பியது. "தூரத்தில் எவனோ உன்னைப்போல் கத்தினான். எங்களைக் கலைத்து ஓடவிட்டுப் பிடிக்கும் தந்திரம் என்று நினைத்தோம். உன் குரல்தான் தலைக்கு மேலேயே இருந்ததே! குட்டியும் அதை நம்பித்தான் நின்றது. தம்பி, நீ மேலேதானே இருந்தாய்?"

நெடுவாலன் வாய் திறப்பதற்குள், உச்சிக் கிளையிலிருந்து நெடுவாலனே விடை சொன்னது.

"பயமில்லை! மேயுங்கள்!"

மான்கள் அதற்குமேல் ஒரு சொல்லும் கேட்கவில்லை. வரிசையாகப் பனிக்குள் நடந்து, அந்தப் புல்வெளியை விட்டே போய்விட்டன.

தலை கவிழ்ந்து இலவமரத்துக்குத் திரும்பியது நெடுவாலன். அங்கே கருந்திமிலன் வழி மறித்தது.

"கன்று ஈனும் நேரத்தில் காவலை விட்டு எங்கே போனாய்?"

நடந்ததை எல்லாம் நெடுவாலன் ஒளிக்காமல் சொல்லி அழுதது. எருமை நெடுமூச்சு விட்டது.

"அட மூடனே! பதினைந்து நாள் ஆகும் என்று அன்றே சொல்லியிருந்தால், அந்த மூன்று நாளும் நாங்களே கொம்போடு கொம்பு சேர்த்து வளைத்து நின்றிருப்போமே! வழக்கம் எங்களுக்கு மட்டும் தெரியாதா? வாயைத் திறந்து கேட்க உனக்கு என்ன கேடு?"

"தவறுதான், அண்ணா. இனி ஒரு நாளும் கிளையை விட்டு அசைய மாட்டேன். இங்கேயாவது இருக்க விடுங்கள்!"

"எப்படி விடுவது? மேலிருந்து உன் குரல் கேட்டால், அங்கே இருப்பது நீயா, அந்தக் கரிச்சானா என்று யார் ஏறிப் பார்ப்பது? எங்களுக்கு மரம் ஏறத் தெரியாதப்பா!"

இவ்வாறு சொல்லிவிட்டு, கருந்திமிலன் தன் மந்தையை ஓட்டிக்கொண்டு போயிற்று.

ஒரு பணியை விடும் நாளையும் மறு பணியை ஏற்கும் நாளையும் இரு தரப்பாரிடமும் வெளிப்படையாகச் சொல்லிப் பொருத்திக்கொள்ளாதவன், ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, முடிவில் இரண்டு இடங்களிலும் இல்லாதவன் ஆகிறான்.