கரஸ்பாண்டென்ட்டுக்கு ஒரு கோடு

பள்ளிக்கூடத் தாளாளர் பூபதிக்கு இங்கிலீஷே தன் வீட்டுக் கொல்லையில்தான் விளைந்தது என்ற நினைப்பு. கோர்ட்டு வாசலில் வக்கீல் போர்டு எழுதிப் பிழைக்கும் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்.

“புதுக் கட்டடத்துப் போர்டில் என் பதவியை இங்கிலீஷில் ‘கரஸ்பாண்டென்ட்’னு எழுது. கோ-எஜுகேஷன் மாதிரி ‘சி ஓ’வுக்கு அப்புறம் சின்னதா ஒரு கோடு கிழி. ரெண்டு ‘ஆர்’ தண்டம், ஒண்ணு போதும்.”

“ஐயா, கோடு போட்டா அர்த்தமே…”

“பெயின்ட் அடிக்கிற பயல் எனக்குப் பாடம் எடுக்கிறியா? சொன்னதை எழுதுடா!”

எழுதினான்.

கட்டடத் திறப்பு விழாவுக்கு வந்த நீதிபதி போர்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். “எங்க கோர்ட்டில், அடுத்தவன் பெண்டாட்டியோடு மாட்டி விவாகரத்து வழக்கில் நிற்கிறவனுக்குத்தான் ‘கோ-ரெஸ்பாண்டென்ட்’னு பெயர்!”

“யாருங்க அவ?” என்றாள் பூபதியின் மனைவி.

“தெரிஞ்சே ஏண்டா எழுதினே?” என்று சவரிமுத்துமேல் பாய்ந்தார் பூபதி.

“நீங்க கிழிச்ச கோட்டை நான் தாண்டலாமுங்களா?”